பழைய டீசல் காரில் எரிபொருள் வடிகட்டி மாற்றும் முறை

சென்ற ஆவணியில் ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின விடியற்காலை. மதுரை கோச்சடைக்கு மேற்கே மேலக்கால் சாலையில், வாழையிலைக் கட்டுகளை ஏற்றி வந்த பழைய டீசல் அம்பாசடர் கார் ஒன்று நின்றுவிட்டது. வண்டிக்குச் சொந்தக்காரர் வைகைக் கரையோரம் இரண்டு ஏக்கரில் இலை வாழை போட்டிருக்கும் உழவர். எஞ்சின் பத்து நிமிடம் நன்றாக ஓடும், பிறகு இழுவை குறையும், அப்புறம் அணைந்துவிடும். அரை மணி நேரம் கழித்து முடுக்கினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும்.

பார்த்த மெக்கானிக், டீசல் பம்பு போய்விட்டது, கழற்றிப் பம்புக் கடைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அப்படி அனுப்பினால் செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். வண்டி ஒரு வாரம் நிற்கும். வெட்டிய இலை ஒரு வாரம் காத்திருக்காது. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் நாங்கள் நடத்தும் பயிற்சிக்கு வந்து போகிறவர் என்ற பழக்கத்தில் எனக்குப் போன் செய்தார். "சார், பம்பு போச்சுங்கிறாக. முகூர்த்தம் விட்டா இலைக்கு வெலையே இல்ல. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டு சொல்லுங்க" என்றார்.

போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, பில்டர் எப்போது மாற்றினீர்கள் என்பதுதான். "வண்டி வாங்குனப்ப மாத்துனது சார்" என்றார். வண்டி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கழற்றிப் பார்த்தோம். கிண்ணத்தின் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். அதற்குமேல் கருப்பாக வழவழவென்று ஒரு படிவு. காகித வடிகட்டி தாரில் முக்கி எடுத்தது போல இருந்தது. புதியது போட்டு, குழாய்களில் இருந்த காற்றை எடுத்துவிட்டோம். வண்டி ஓடியது. சாயங்காலம் வெட்டிய இலை மறுநாள் போய்ச் சேர்ந்தது. அந்தப் பம்பை இன்றுவரை யாரும் கழற்றவில்லை.

விவசாயப் பக்கத்தில் காருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நம் சிறு உழவர்கள் பலரிடம் இன்று ஒரு பழைய டீசல் வண்டி இருக்கிறது. அது அம்பாசடராகவோ, ஜீப்பாகவோ, சின்ன லோடு வண்டியாகவோ இருக்கலாம். பரவை மார்க்கெட்டுக்குக் காய் கொண்டு போவதும், உர மூட்டை ஏற்றி வருவதும், வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு ஆகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். டிராக்டரிலும் டீசல் பம்புசெட்டிலும் இருப்பது இதே ஏற்பாடுதான் என்பதால், கார் இல்லாதவர்களுக்கும் இது பயன்படும்.

வடிகட்டி எதைக் காக்கிறது?

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப் போலத் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கும்போது உண்டாகும் சூட்டில், சரியான நொடியில், சரியான அளவு டீசலை நாசில் வழியாகப் புகைபோலச் சீற்றுவதால்தான் அது எரிகிறது. பழைய எஞ்சின்களில்கூட இதற்குச் சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். ருடால்ப் டீசல் தமது எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியது 1897-இல். காருக்குள் அடங்கும் டீசல் எஞ்சின் பெருமளவில் உற்பத்தியானது 1936-இல், மெர்சிடிஸ் 260 டி காரில். இடையில் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள். இவ்வளவு நுட்பமாக டீசலை அளந்து சீற்றும் சிறிய பம்பு இல்லாததே தாமதத்திற்கு முக்கியக் காரணம். ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-இல் அத்தகைய பம்பைத் தொடர்ச்சியாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகே வழி பிறந்தது. நம் நாட்டில் பட்டறைக்காரர்கள் மைக்கோ பம்பு என்று சொல்வது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ, 2008-இல் பாஷ் என்று பெயர் மாறியது.

அந்தப் பம்புக்குள் ஒரு உருளையும் அது ஓடும் துளையும் உள்ளன. இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்திருப்பார்கள். இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடியின் பருமன் எழுபது மைக்ரான் அளவு என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் தூள் உள்ளே போனாலும் கீறல் விழும். விழுந்த கீறல் வழியாக டீசல் பின்னோக்கிக் கசியும், அழுத்தம் குறையும், காலையில் வண்டி கிளம்பாது. போதாததற்கு, அந்தப் பம்பின் நுண்ணிய பாகங்களுக்கு வழுவழுப்புத் தருவதும் டீசலே; தனியாக எண்ணெய் கிடையாது. டீசலில் தண்ணீர் வந்தால் துரு பிடிக்கும். மண்ணெண்ணெய் கலந்தால் வழுவழுப்புக் குறைந்து தேயும். ஒரு காகித வடிகட்டியின் விலை சில நூறு ரூபாய். அது காத்து நிற்பது இந்தப் பம்பை.

பழுது வடிகட்டியில்தானா?

எல்லாக் கோளாறுக்கும் வடிகட்டியைக் குறை சொல்லிவிட முடியாது. வடிகட்டி அடைத்தால் எஞ்சினுக்குக் கிடைக்கும் டீசல் குறையும். அதனால் மேட்டில் ஏறும்போதும், பாரம் ஏற்றியபோதும், வேகம் எடுக்கும்போதும் இழுவை இராது. சும்மா நின்று ஓடும்போது ஒழுங்காக ஓடும். டீசல் குறைவதால் கரும்புகை வராது. கரும்புகை அதிகமானால் காற்று வடிகட்டியையோ நாசிலையோ பார்க்க வேண்டும். எஞ்சின் விட்டுவிட்டு ஓடி, வெண்புகை கக்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.

பத்து நிமிடம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடும் வண்டியில் முதலில் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதைக் குத்திவிட்டாலே போதும், செலவே இல்லை. இதைப் பார்க்காமல் பம்பைக் கழற்றியவர்களை நான் அறிவேன். மூடியில் குற்றம் இல்லையென்றால் அடுத்தது வடிகட்டிதான்.

கையேட்டில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று போட்டிருப்பார்கள். நம் பக்கத்துப் புழுதிச் சாலைக்கும், கேனில் வாங்கி ஊற்றும் டீசலுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. குறைவாக ஓடும் வண்டியானாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நலம். வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் திருகு இருந்தால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதைத் தளர்த்திக் கால் டம்ளர் டீசலை வடித்துவிட வேண்டும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் அதுவே முதலில் வரும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் தொடங்க வேண்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. புதிய வடிகட்டியும் அதற்குரிய ரப்பர் வளையங்களும் செப்பு வாஷர்களும் கையில் இருக்கட்டும். பழைய வாஷரைத் திரும்பப் போடுவதால் மிச்சமாவது ஐந்து ரூபாய்; போவது ஒரு நாள். அம்பாசடரின் பழைய 1489 சி.சி. டீசல் எஞ்சின் ஆங்கிலேய வடிவமைப்பு ஆகையால் அதில் அங்குல அளவு நட்டுகள் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

கழற்றும் முன், வடிகட்டியையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் பிரஷ்ஷும் டீசலும் கொண்டு கழுவித் துடைக்கவும். வெளியே ஒட்டியுள்ள மண்தான் கழற்றும்போது உள்ளே விழுகிறது. துடைப்பதற்குப் பட்டறைகளில் பனியன் வேஸ்ட் பயன்படுத்துகிறார்கள். கைக்கு அது சரி. வடிகட்டியின் உட்புறத்திற்கு ஆகாது. அதன் நூல் பிசிறு ஒன்று போதும். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணி நல்லது.

கீழே ஒரு தகர டப்பா வைத்து, நடுப் போல்ட்டைத் தளர்த்திக் கிண்ணத்தை இறக்க வேண்டும். வடியும் டீசலை மண்ணில் விடக்கூடாது. கிணற்றடியில் நிறுத்தி இந்த வேலையைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். சிந்திய டீசல் மண்ணில் இறங்கினால் கிணற்றுக்குத்தான் போகும்.

இனிச் சொல்வதில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய ரப்பர் வளையம் சில சமயம் கிண்ணத்தோடு வராமல், மேலேயுள்ள வடிகட்டித் தலையின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கவனிக்காமல் புதியதையும் சேர்த்துப் போட்டால், இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்து சரியாகப் பிடிக்காது. அந்த இடுக்கில் டீசல் கசியும் அல்லது காற்று புகும். எனவே விரலால் தடவிப் பார்த்துப் பழையதை எடுத்துவிட்டு, புதியதில் சிறிது டீசல் தடவிப் போடவும். வடிகட்டித் தலை பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. நடுப் போல்ட்டை வெறி கொண்டு முறுக்கினால் மரை அறுந்துவிடும். கிண்ணம் பிடித்தபின் கால் சுற்று, அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

காகித வடிகட்டியை மண்ணெண்ணெயில் அலசித் திரும்பப் போடும் வழக்கம் நம் கிராமங்களில் இருக்கிறது. அலசும்போது காகிதத்தின் நுண்துளைகள் விரியும், மடிப்பு கிழியும். பார்வைக்குச் சுத்தமாக இருந்தாலும் அது பிறகு வடிகட்டாது. டிராக்டர்களில் முதல் கட்டமாக வரும் துணி வடிகட்டியை வேண்டுமானால் ஓரிரு முறை சுத்தமான டீசலில் கழுவலாம். இரண்டு வடிகட்டிகள் அடுத்தடுத்து உள்ள வண்டியில் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாமல், முதலாவதை ஒருமுறையும், இரண்டாவதை அடுத்த முறையும் மாற்றுவது நல்லது. முதலாவதைத் திறக்கும்போது தவறிப்போய்த் தூசி விழுந்தாலும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டு வண்டிக்கு நானே வடிகட்டி மாற்றினேன். கைப் பம்பை அடித்து நிரப்பச் சோம்பல்பட்டு, வாளியில் இருந்த டீசலைப் புதிய வடிகட்டியின் நடுத் துளையில் ஊற்றி நிரப்பி மாட்டிவிட்டேன். பெரும்பாலான வடிகட்டிகளில் டீசல் காகிதத்தின் வெளிப்புறமாக வந்து, வடிந்து, நடுத் துளை வழியாகப் பம்புக்குப் போகிறது. ஆக, நான் ஊற்றிய டீசல் வடிகட்டப்படாமலே நேராகப் பம்புக்குள் போயிற்று. இரண்டாம் நாளே ஒரு நாசில் சிக்கிக்கொண்டு எஞ்சின் தட்டத் தொடங்கியது. முனைவர் பட்டத்திற்குப் படித்துக்கொண்டிருந்தவன் செய்த வேலை இது. அன்றிலிருந்து வடிகட்டியில் நான் எதையும் ஊற்றுவதில்லை.

காற்று எடுத்தல்

வடிகட்டியைக் கழற்றியதால் குழாய்களில் காற்று புகுந்திருக்கும். டீசலைப் போலன்றிக் காற்று அமுங்கிக் கொடுக்கும். பம்பு அழுத்தினால் காற்று சுருங்குமே தவிர நாசில் திறக்காது. எனவே காற்றை வெளியேற்றினால்தான் வண்டி கிளம்பும்.

பெரும்பாலான பழைய வண்டிகளில் எஞ்சினின் பக்கவாட்டில் சிறிய பீட் பம்பு ஒன்றும், அதைக் கையால் இயக்க ஒரு நெம்புகோலும் இருக்கும். வடிகட்டித் தலையின் மேலுள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு நெம்புகோலை அடிக்கவும். முதலில் நுரையும் குமிழுமாக வரும். குமிழ் நின்று, தெளிந்த டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே திருகை முடவும். அடுத்து டீசல் பம்பில் உள்ள காற்றுத் திருகிலும் இதையே செய்ய வேண்டும். டாங்க் பக்கமிருந்து எஞ்சின் பக்கமாகப் போவதுதான் முறை.

சில வேளை நெம்புகோல் தளர்ந்து ஆடும், ஆனால் டீசலை ஏற்றாது. பீட் பம்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அதை இயக்கும் கேம் உச்சியில் நின்றிருக்கும். எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பி நிறுத்திவிட்டு மறுபடி அடித்தால் ஏற்றும். கோச்சடையிலும் அன்று இதுதான் நடந்தது. பக்கத்தில் நின்றவர் உடனே பீட் பம்பையும் மாற்றச் சொன்னார்.

பிறகும் கிளம்பாவிட்டால், நாசில்களுக்குப் போகும் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட்டரைப் பத்து விநாடி முடுக்கவும். குமிழோடு டீசல் கசிந்து, பிறகு தெளிவாக வரும். நட்டுகளை முடிவிட்டுக் கிளப்பலாம். ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடம் பொறுத்தால் பாட்டரியும் ஸ்டார்ட்டரும் தாங்கும். தளர்த்திய நட்டின் அருகே கையையோ முகத்தையோ கொண்டுபோகக் கூடாது. உயர் அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவே தெரியும். ஆனால் உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காமன் ரெயில் என்று சொல்லப்படும் புதிய டீசல் வண்டிகளில் நாசில் குழாயைத் தளர்த்தும் இந்த வேலையை ஒருபோதும் செய்யக்கூடாது. அவற்றின் அழுத்தம் பழைய வண்டியைப் போலப் பல மடங்கு. வண்டி கிளம்பவில்லை என்று காற்றுக் குழாயில் பெட்ரோல் நனைத்த துணியை வைத்து முடுக்குவதும் எந்த வண்டிக்கும் ஆகாது. சூடேற்றும் பிளக் உள்ள எஞ்சினில் அது வெடித்துவிடும்.

கிளம்பிய வண்டி மறுநாள் காலையில் மீண்டும் முரண்டு பிடித்தால், எங்கோ காற்று புகுகிறது என்று கொள்ளலாம். பீட் பம்புக்கு அப்பால், எஞ்சின் பக்கம் இணைப்புத் தளர்ந்திருந்தால் டீசல் ஒழுகி ஈரம் தெரியும். பீட் பம்புக்கு இப்பால், டாங்க் பக்கம் தளர்ந்திருந்தால் ஒழுகாது. உறிஞ்சும்போது காற்றை மட்டும் இழுக்கும். ஈரமே இல்லாமல் காற்று வருகிறதென்றால் டாங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய்களைப் பாருங்கள். பழைய வண்டியில் அவை வெடித்திருக்கும்.

பழைய வடிகட்டியைப் பிரித்துப் பாருங்கள்

வடித்த டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிந்த பட்டையாகத் தண்ணீர் நின்றால், டாங்கில் தண்ணீர் சேர்கிறது. காகிதத்தைக் கத்தியால் கீறி விரித்தால் செந்தூளாகத் துரு தெரியலாம். டாங்க்கின் உட்புறம் அரிக்கிறது என்று பொருள். அப்படியானால் டாங்கை இறக்கிக் கழுவாமல் எத்தனை வடிகட்டி போட்டாலும் பயனில்லை.

கருப்பாக வழவழப்பு இருந்தால் அது வேறு. பயிர் நோய் படித்தவர்களுக்கு இது சுவையான விஷயம். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில், டீசலையே தின்று வளரும் பூசணங்களும் பாக்டீரியாக்களும் உண்டு. அமார்போதீகா ரெசினே என்ற பூசணம் விமான எரிபொருள் டாங்குகளிலேயே தொல்லை கொடுத்த ஒன்று. தண்ணீர் இல்லாமல் அவற்றால் வாழ முடியாது. வாழைக் கொல்லையில் வடிகால் வெட்டுவது போலத்தான் இதற்கும் வைத்தியம்: தண்ணீரை வடித்தல். கோச்சடைக் காரில் டாங்கின் அடித் திருகைக் கழற்றியபோது ஒரு சொம்புக்கு மேல் தண்ணீரும் வழவழப்பும் வந்தன.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி காலியாக நிற்கும் டாங்கில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் படிந்து, துளித்துளியாக அடியில் இறங்குகிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் டீசல் நிரப்பி நிறுத்தினால் இது குறையும். கேனில் வாங்கி வைப்பவர்கள் ஓர் இரவு அசையாமல் வைத்து, மறுநாள் நுண்வலை வைத்த புனலில் ஊற்ற வேண்டும். கடைசி இரண்டு விரற்கடை டீசலைக் காருக்கு ஊற்ற வேண்டாம். மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படி குற்றம், பம்புக்கும் கேடு. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்பது கந்தகம் மிகக் குறைந்த டீசல். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கை வழுவழுப்பும் குறைகிறது. அதை ஈடுசெய்யும் மருந்தைச் சுத்திகரிப்பு ஆலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ஆகவே பழைய வண்டிக்கு என்று நீங்கள் தனியாக எண்ணெய் எதுவும் கலக்க வேண்டியதில்லை.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும் வடிகட்டி கிடைக்கிறது. பழையதைக் கையோடு கொண்டுபோய் உயரம், விட்டம், துளை மூன்றையும் ஒப்பிட்டு வாங்கவும். காகித மடிப்பு சீராக இருக்கிறதா, இரு முனைத் தகடுகளிலும் பசை முழுமையாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும். கூடவே இன்னொன்று வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம். உறை பிரிக்காமல் இருக்கட்டும்.

கோச்சடை உழவர் இப்போது வடிகட்டிக் கிண்ணத்தின்மேல் மாற்றிய தேதியை வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார். அன்று அழுக்கு மிகுதியாக இருந்ததால் ஒரு மாதத்தில் மறுபடியும் மாற்றச் சொல்லியிருந்தேன். டாங்கைக் கழுவிய பின்னும் ஓரங்களில் ஒட்டியிருந்த படிவு மெல்ல மெல்ல இறங்கும். புரட்டாசியில் அவரே கழற்றி, அவரே மாட்டி, காற்றும் எடுத்துவிட்டார். கேம் உச்சியில் நின்றபோது எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பினாராம். பழைய காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். பழுப்பாகத்தான் இருந்தது, கருப்பு இல்லை.